அகண்ட விளக்கும் ஆக்சிஜன் பெட்டியும்

1

தம்பி ஏழுமலை நேற்று புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து போன் செய்தான். அங்கே புயல் அடித்து ஓய்ந்து நாளாகியும் எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லையாம். மெடிக்கல் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, தெருவே அங்கே செல்போனைச் சொருகிவிட்டு வாசலில் நிற்கிறது என்றான்.

“ஆஸ்பத்திரி லைன முடிச்சிட்டுதான் மத்ததெல்லாம்னு சொல்றான்க்கா. ஆஸ்பத்திரிக்குக் குடுக்கட்டும், நான் வேணான்னு சொல்லல. அதுக்கப்புறமாவது எங்க நெனப்பு வரணுமில்ல? மோட்டாரு ஓடல, தண்ணி இல்ல, கொசு ஆளையே தூக்குது. ஒனக்கு இன்னாக்கா, மகராசி. அங்கல்லாம் கரண்டே போவாதில்ல?”

“போவும்டா” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் போன் செத்துவிட்டது.

அவனுக்குச் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

2

நாங்கள் இருப்பது பிரான்சில் தெற்குப் பக்கம், பைன் மரக்காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். என் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் என் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. புதுச்சேரியில் மில் வேலை நின்றுபோன பிறகு, இங்கே பலகை அறுக்கும் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது என்று ஒரு சொந்தக்காரர் கூப்பிட்டார். பெண் கவிதாவை அழைத்துக்கொண்டு வந்தோம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. ஒரே பெண்.

மில்லில் பஞ்சுத்தூசி, இங்கே மரத்தூசி. இரண்டும் சேர்ந்து அவர் நெஞ்சைக் கெடுத்துவிட்டன. இப்போது வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. சுவரில் பிளக் போட்டால் அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அவர் மூக்குக்குக் கொடுக்கும். கரண்டு இருக்கும்வரை அது ஓடும், அது ஓடும்வரை அவர் எங்களோடு பேசிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு, குழம்பில் உப்பு குறை என்று சொல்லிக்கொண்டு இருப்பார். கரண்டு போனால் பயன்படுத்த ஒரு இரும்பு பாட்டில் தந்திருக்கிறார்கள். அதில் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இப்படி மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்குப் புயல் நேரத்தில் முதலில் கரண்டு கொடுப்பார்கள், அதற்கு எழுதிப் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். எழுதிப் போட்டோம். என் வீட்டுக்காரர் பெயர் புதுச்சேரி பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரிச் சீட்டில் முன்பின்னாக வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு சான்று கேட்டுப் பதில் வந்தது. அதற்காக நான் மேரிக்குப் போனேன். நம் ஊரிலும் பழைய ஆட்கள் முனிசிபாலிட்டியை மேரி என்றுதானே சொல்வார்கள், அதே மேரிதான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் மாமனார் வீட்டில் காதில் விழுந்தது. பட்டாளத்துப் பேச்சு, எல்லாம் அதட்டல். கௌண்டரில் இருந்த அம்மாவிடம் மரியாதையாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மா முகம் சிவந்து எழுந்துவிட்டார்.

“அம்மா, நீ அவங்கள ‘சீக்கிரம் எடு, நில்லு’ங்கற மாதிரி பேசின” என்று கவிதா வெளியில் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே நீ வராத. நானே போறேன்.”

அந்தச் சான்று வருவதற்குள் புயல் வந்துவிட்டது.

3

நெல்லித்தோப்பில் நாங்கள் கடைசியாக இருந்த வருஷமும் ஒரு புயல் அடித்தது. எங்கள் தெருக் கோடியில் இருந்த கம்பம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. கரண்டு ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் ஆளில்லை என்றார்கள். பக்கத்துத் தெருவுக்கு லைன்மேன் கன்னியப்பன் வந்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் போய் அவன் சைக்கிளையே தூக்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு அப்படி ஒரு தெம்பு.

பின்னாலேயே கன்னியப்பன் வந்தான். “இன்னாண்ணா, ஆள கடத்துவாங்க, சைக்கிளயா கடத்துவாங்க?”

“ஆளு தன்னால வருவான்னு தெரியும்” என்றார் இவர். “டீ குடி. அப்புறம் ஏறு.”

அவன் டீ குடித்தான். ஆனால் ஏறவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மெயினை நிறுத்தியிருக்கிறார்களா, கோடி வீட்டு ஜெனரேட்டர் நின்றுவிட்டதா என்று யாராவது கண்ணால் பார்த்து வந்து சொன்னால்தான் கம்பத்தில் காலை வைப்பேன் என்றான். ஒரு வீட்டு ஜெனரேட்டர் கரண்டு எதிர்ப்பக்கமாகக் கம்பிக்கு ஏறினால் மேலே இருக்கிறவன் கதி என்ன? பெண்பிள்ளைகள் வீடு வீடாக ஓடிப் பார்த்து வந்தார்கள்.

“கன்னியப்பா, மாமியாரு வூட்டுக்கு மொத மொத வர்ற மாதிரி இன்னா தயங்கற, ஏறு” என்று எதிர் வீட்டு அஞ்சலை அக்கா கிண்டல் செய்தார்.

“மாமியாரு வூட்ல ஷாக் அடிக்காதுக்கா” என்றான் அவன்.

மேலே ஏறி வேலை முடித்து, அங்கிருந்தே “வந்துச்சா?” என்று கத்துவான். தெரு மொத்தமும் “வரல” என்று கத்தும். மறுபடி ஏதோ முறுக்குவான். “வந்துச்சா?” “மூணு வூட்டுக்கு வந்துச்சு, எங்களுக்கு வரல.” “கோயில் வூட்டு ஆளு சொல்லு, ஒனக்கு?” இப்படி வீடு வீடாகக் கேட்டு, கடைசி வீடு “வந்துடுச்சு” என்று சொன்ன பிறகுதான் கீழே இறங்கினான். ஒழுங்கில்லாத வேலை என்று அப்போது நினைத்தேன். சைக்கிள் கடத்தல், சண்டை, சத்தம். பக்கத்துத் தெரு ஆட்கள் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. பெரிய ஊர்களில் எல்லாம் எவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நினைத்தேன்.

இங்கே அமைதியாகத்தான் நடக்கிறது.

4

இந்த ஊர்ப் புயல் மழையோடு வரவில்லை. காற்றுதான். விடியும்போது ஆரம்பித்து, பைன் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும் சத்தம் பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது போலக் கேட்டது. எங்கள் வீடு ஒரு மண்பாதையின் கடைசியில் தனியாக இருக்கிறது. வாடகை குறைவு என்று எடுத்த வீடு. பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை முழுக்க மரங்கள் விழுந்துவிட்டன. ஜன்னல்களுக்கு வெளியே இருந்த மரக்கதவுகளைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கரண்டும் போனது, டெலிபோனும் போனது, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

அவரைப் பாட்டிலுக்கு மாற்றினோம். கவிதா மரங்களை ஏறித் தாண்டி ரோட்டுக்குப் போய் பொம்பியே ஆட்களைப் பார்த்துச் சொல்லி அழைத்து வந்தாள். தீயணைக்கிறவர்கள்தான், ஆனால் இங்கே எல்லா ஆபத்துக்கும் அவர்கள்தான் வருவார்கள். இரண்டு பேர் நடந்தே வந்து இன்னொரு பாட்டில் கொடுத்தார்கள். அவர்களில் தலைவர் நல்ல மனுஷர், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். கவிதா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன்.

“நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள இந்தப் பக்கம் கரண்டு குடுத்துடுவாங்களாம். எந்த வீட்டுக்கு வரலயோ அத கரண்டுக்காரங்க இவங்களுக்கு சொல்லிடுவாங்களாம். வரலன்னா மரத்த அறுத்து வழி பண்ணி அப்பாவ ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போவாங்களாம்.”

மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர்கள் போன பிறகு குளித்தேன். கொதிக்க வைக்க வழியில்லை, பச்சைத் தண்ணீர்தான். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த காமாட்சி விளக்கை எடுத்து, எங்கள் தெரு அம்மனை நினைத்து ஏற்றினேன். “தாயே, மறுபடி இந்தப் பெட்டி ஓடி இவரு நல்லபடியா மூச்சு விடற வரைக்கும் இந்த விளக்க அணைய விட மாட்டேன்” என்று நேர்ந்துகொண்டேன். இருட்டினால் அவருக்கு மூச்சு இன்னும் அடைக்கும், பயம். அதனால் கார்த்திகைக்காக ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அகல்களையும் எடுத்து, ஆக்சிஜன் பக்கம் நெருப்பு ஆகாது என்று அவர் கட்டிலுக்கு எட்டவே, எல்லா ஜன்னல் திட்டிலும் வரிசையாக வைத்தேன். வீடு கார்த்திகை தீபம் போல இருந்தது.

“பாக்கியம், புயலுக்கு நீ திருவிழா கொண்டாடற” என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இரவெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன்.

5

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது பாட்டிலின் முள் சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் மறுபடி அகல்களுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றி முடித்திருந்தேன். வெளிச்சம் மங்கும்போது வயலுக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டோரம் இருந்த வீடுகளில் பளிச்சென்று வெள்ளை விளக்குகள் எரிந்தன. கவிதா கையைத் தட்டினாள். ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். எங்களுக்கு வரவில்லை.

“நம்மளுது தனி லைனு. அடுத்தது நம்மளுதுதான்” என்றாள்.

சொன்ன மாதிரியே மஞ்சள் விளக்கு சுற்றும் லாரி ஒன்று எங்கள் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் விழுந்து கிடந்த மரங்கள்மேல் டார்ச் அடித்தார். மற்றவர் எங்கள் வீட்டையே பார்த்தார். நாங்கள் ஜன்னலில் நின்று கையை ஆட்டினோம். அவ்வளவு தூரத்துக்குக் கை எங்கே தெரியும்? அவர் டார்ச் அடித்தவரிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். லாரி போய்விட்டது.

கவிதா லாரி போன பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திட்டைப் பார்த்தாள்.

“அம்மா, நம்ம வீட்டுக்கு கரண்டு வந்துடுச்சின்னு நெனச்சிட்டாங்க.”

“இன்னாடி சொல்ற?”

“ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சளா எரியுது. எரியற வீட்டுக்கு மரத்த அறுத்துக்கிட்டு எவன் வருவான்? பொம்பியேகிட்டயும் இங்க கரண்டு இருக்குன்னுதான் சொல்லுவாங்க. இனிமே யாருமே வர மாட்டாங்கம்மா.”

“விளக்குக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாதா அவங்களுக்கு?”

“அவங்க வீட்ல யாரு விளக்கு வைக்கிறாங்க, தெரியறதுக்கு?”

அந்த ரோடு கடைசிக் குடியிருப்போடு முடிகிறது. போன லாரி அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு டார்ச்சை எடுத்தாள்.

“நான் ரோட்டுக்குப் போறேன். மரமெல்லாம் தாண்டிப் போவறதுக்கு நேரமாவும். நான் போயி சேர்றதுக்கு முன்னாடி அவங்க திரும்பிட்டா வீடாவது இருட்டா தெரியணும். எல்லாத்தயும் அணை. அதயுந்தான்.”

“அது அம்மனுக்கு வச்சதுடி. உங்கப்பாவுக்காக நேந்துக்கிட்டது.”

“நானும் அப்பாவுக்காகத்தான் சொல்றேன்.”

“அணைச்சா...” என்று ஆரம்பித்தேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டே, “அப்ப கக்கூசுக்குள்ள வச்சி கதவ சாத்து. இந்த வீட்ல அதுக்குத்தான் ஜன்னல் இல்ல” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் இங்கே வந்த பிறகு அவள் பூஜை ஷெல்ஃப் பக்கம் வருவதே இல்லை. விபூதி வைத்தால் வாசல் தாண்டும்போது துடைத்துவிடுவாள். அப்படிப்பட்ட பெண் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

அகல்களை ஒவ்வொன்றாகத் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்தினேன். காமாட்சி விளக்கு மட்டும் எரிந்தது. அதை மறைக்கப் போர்வையைக் கட்டலாம் என்றால் ஜன்னலில் ஒரு கம்பிகூட இல்லை. அவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டு போ பாக்கியம். சாமி எங்க இருந்தாலும் சாமிதான்.”

“கக்கூசுலயா?”

“மில்லுல நைட் ஷிப்ட்ல நான் அங்கதான் போயி சாமி கும்புட்டு தூங்குவேன்.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தரையில் வைக்க மனசு வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பித்தளை சுட ஆரம்பித்தது, முந்தானையைச் சுற்றிப் பிடித்தேன். வெளியில் அவர் இருட்டில் தனியாக இருக்கிறார். நான் வெளிச்சத்தில், அந்த இடத்தில், அம்மனோடு நிற்கிறேன். எந்தச் சுலோகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“என்னங்க” என்றேன்.

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “என்னங்க.”

“இருக்கேன்.”

இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். இல்லை. பாட்டிலின் ‘ஸ்ஸ்’ சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

கதவைத் திறந்தால் எதிரிலேயே கூடத்து ஜன்னல். வெளிச்சம் நேரே ரோட்டுக்குப் போகும். லாரி எந்த இடத்தில் வந்துகொண்டிருக்கிறதோ தெரியாது. விளக்கோடு வெளியே வர முடியாது. விளக்கை அங்கே கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கலாம், இப்போது தோன்றுகிறது. திறக்கிற நொடிகூட வெளிச்சம் போகக் கூடாது என்றுதான் அப்போது இருந்தது. அமர்த்தப் பூ இல்லை, பால் இல்லை, திரியை எண்ணெய்க்குள் இழுக்கக் கையும் ஒழியவில்லை. குனிந்து வாயால் ஊதினேன். பிறந்ததிலிருந்து ஒரு விளக்கைக்கூட நான் ஊதியதில்லை.

இருட்டில் முட்டியை இடித்துக்கொண்டு போய் அவர் நெஞ்சைத் தடவினேன். ஏறி இறங்கியது. அவர் என் கையைப் பிடித்தார்.

“ஏங்க பதில் சொல்லல?”

“பேசினா... மூச்சு செலவாவுதுடி. மிச்சம் புடிச்சேன்.”

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அணைந்த திரியின் புகை வாசனை வீடு முழுக்க இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. முதலில் காற்றென்று நினைத்தேன். பிறகு பாதையில் டார்ச் வெளிச்சங்கள். கவிதா முன்னால் வந்தாள், கையெல்லாம் சிராய்ப்பு, பேன்ட் கிழிந்திருந்தது. வீட்டுக்கு வரும் கம்பி பாதை நடுவில் அறுந்திருந்ததாம். அவர்கள் கம்பத்தில் வேலை செய்து முடித்ததும் கூடத்து பல்பு எரிந்தது. பெட்டி ஒரு தடவை கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாயை மாற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

லாரிக்காரர்களில் வயசானவர் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். கவிதாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் என்னிடம் திரும்பினாள்.

“நாங்க மொதல்ல வந்தப்போ வீடெல்லாம் அழகா எரிஞ்சிதே, ஏதாவது பண்டிகையான்னு கேக்கறாரும்மா.”

“ஆமான்னு சொல்லு” என்றேன்.

அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் மேல் என்ன தப்பு? வெளிச்சம் இருக்கிற வீட்டை விட்டுவிட்டு இருட்டு வீட்டுக்குப் போனார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை “வந்துச்சா?” என்று கேட்க அவருக்கு வழியில்லை.

6

டெலிபோன் வந்ததும் முதல் வேலையாக, நேர்ந்துகொண்ட விளக்கு அணைந்துவிட்டது என்று மட்டும் ஏழுமலையிடம் சொல்லி, கோயில் பூசாரியிடம் கேட்கச் சொன்னேன். பரிகாரமாக ஒரு மண்டலம் நெய்விளக்குப் போடச் சொன்னாராம். போட்டேன். என் வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் இருக்கிறார். வெயில் காலத்தில் வாசல் வரை நடக்கிறார். ஆனாலும் அவருக்கு ஒரு தும்மல் வந்தால்கூட எனக்கு அந்தப் புகை வாசனைதான் வருகிறது. அன்றைக்கு ஊதியது சரியா என்று யாரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறார்கள். நாத்தனார் மட்டும், “சரி விடுங்க, அண்ணன் விதி கெட்டியா இருந்திச்சி” என்றார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கவிதா வேலை கிடைத்துப் பெரிய ஊருக்குப் போய்விட்டாள். சாயங்காலம் போன் செய்வாள். தமிழ் இப்போது பாதிதான் வருகிறது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள், பாட்டிலில் முள் எங்கே நிற்கிறது என்று கேட்பாள். பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல் “விளக்கு ஏத்தியாச்சா?” என்பாள். சாமி ஞாபகத்தில் கேட்கிறாளா, அந்த லாரி ஞாபகத்தில் கேட்கிறாளா, தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை. பயமாக இருக்கிறது.

இந்த வாரம் இங்கே மறுபடி காற்று ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொள்கிறேன். சாமிக்கு முகம், ரோட்டுக்கு முதுகு. உள்ளறையில் பெட்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கைகூப்புகிறேன். முன்போல எதையும் நேர்ந்துகொள்வதில்லை. நேர்ந்துகொண்டால் காப்பாற்ற வேண்டும்.